உப்பளத்தில் 40 லட்சத்துக்கு ஒரு படம்: எங்கே குறைப்பது?

கேள்வி: தூத்துக்குடி பக்கத்து உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு தாய், அவளுடைய 11 வயது மகள். இவர்களை வைத்து ஒரு சுயாதீனப் படம் எடுக்கப்போகிறேன். கையில் இருப்பது 40 லட்சம். 92 பக்கத் திரைக்கதை, 118 காட்சிகள், 14 லொகேஷன், 24 நாள் படப்பிடிப்பு, 38 பேர் கொண்ட யூனிட். பட்ஜெட்டை இப்படிப் பிரித்திருக்கிறேன்: கேமரா, லென்ஸ், லைட் 11 லட்சம். நடிகர்கள் 6 (தெரிந்த முகம் ஒருவருக்கு மட்டும் 4). பயணம், தங்கல், சாப்பாடு 9. தொழில்நுட்பக் கலைஞர்கள் சம்பளம் 8. ஆர்ட், காஸ்ட்யூம் 2. போஸ்ட் புரொடக்‌ஷன் 3. இதர செலவு 1. ஐப்பசியில் தொடங்கலாம் என்று இருக்கிறோம். லைவ் சவுண்ட் வேண்டாம், டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். மழையில் உப்பு கரையும் ஒரு ஃப்ளாஷ்பேக், ட்ரோன் ஷாட்கள், அம்மா ஒரு பழைய சினிமாப் பாட்டை முணுமுணுக்கும் காட்சி எல்லாம் உண்டு. பணம் பற்றாது என்று மேனேஜர் சொல்கிறார். எதைக் குறைப்பது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மாதத்தை மாற்றுங்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். பாத்திகளில் மழைத்தண்ணீர் நின்றால் உப்பு விளையாது, வேலை நின்றுவிடும். நீங்கள் படம்பிடிக்க நினைக்கும் வெள்ளை நிலமும் உப்பு வாரும் கூட்டமும் அந்த நேரத்தில் அங்கே இருக்காது. ஆள் வைத்து, உப்பு கொட்டி அதை உருவாக்கப் போனால் உங்கள் 2 லட்சம் ஆர்ட் பட்ஜெட் இரண்டே நாளில் தீர்ந்துபோகும். ஆடி மாதமும் வேண்டாம். அம்மன் கோயில் ஒலிபெருக்கி காலையிலிருந்து இரவு வரை ஓயாது, வசனம் பதிவு செய்ய முடியாது.

என் யோசனை இரண்டு ஷெட்யூல். மகள் இல்லாத காட்சிகளை மார்ச்சில் 6 நாள் எடுங்கள். அவளுடைய ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மீதி 12 நாள். 24 நாளை 18 ஆக்குவது ஏன் என்று கீழே சொல்கிறேன். இரண்டு முறை போய்வரும் ரயில் செலவு கொஞ்சம் கூடும். அதற்குக் கிடைப்பது பெரிது. முதல் 6 நாள் எடுத்ததை வெட்டிப் பார்த்தால் ஒலியில், எக்ஸ்போஷரில், நடிப்பில் என்ன தப்பு என்பது தெரிந்துவிடும். 24 நாளையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு எடிட்டிங்கில் தெரிந்துகொண்டால் திருத்த வழியில்லை.

மகளை வைத்துத்தான் நாள் கணக்கே போட வேண்டும். 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் விதிகள்படி, குழந்தைக் கலைஞர் ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். குழந்தையின் சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அவள் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். படிப்பு கெடக்கூடாது என்பதும் விதியில் இருக்கிறது. கோடை விடுமுறையைச் சொல்வது அதனால்தான். அந்த வெயிலில் அவளை அளத்தில் நிறுத்தி வைப்பது சட்டம் இல்லாவிட்டாலும் கூடாது. அவளுடைய வெளிப்புறக் காட்சிகள் எல்லாம் காலை 9 மணிக்குள் முடிகிற மாதிரி பிரித்துவிடுங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். உங்கள் பட்டியலில் கேமரா, பயணம்-சாப்பாடு, சம்பளம் மூன்றும் சேர்ந்து 28 லட்சம். 24 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 1,17,000 ரூபாய். பேரம் பேசி ஒரு லைட்டின் வாடகையில் 500 ரூபாய் குறைப்பதைவிட ஒரு நாளைக் குறைப்பது எத்தனையோ மடங்கு மேல். 18 நாளாக்கினால் கணக்குப்படி 7 லட்சம் மிச்சம். படத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசியவர்களின் தொகை குறையாது என்பதால் கையில் 5 லட்சம் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 92 பக்கத்தை 18 நாளில் எடுத்தால் நாளொன்றுக்கு 5 பக்கத்துக்கு மேல் போகிறது. அனுபவமில்லாத நடிகர்களையும் ஒரு குழந்தையையும் வைத்துக்கொண்டு அது நடக்காது. ஒரு டேக்குக்கு மேல் போக நேரமிருக்காது, அந்த ஒரு டேக்கும் பதற்றத்தில் எடுத்ததாக இருக்கும். அதனால் செலவைத் திரைக்கதையில்தான் குறைக்க வேண்டும், மேனேஜரின் நோட்டில் அல்ல. 75 பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். நாளுக்கு 4 பக்கத்துக்குச் சற்று மேல் வரும், மூச்சு விடலாம்.

எந்தப் பக்கங்கள் போக வேண்டும் என்பதற்கு உங்கள் 14 லொகேஷன்களைப் பாருங்கள். ஓரிடத்தில் லைட்டைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, இன்னோர் இடத்தில் இறக்கி, முதல் ஷாட் வைக்க குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஆகும். அரைப் பக்கக் காட்சிக்காக ரேஷன் கடைக்கும் பேங்க்குக்கும் போவது அரை நாளைத் தின்கிற வேலை. ரேஷன் கடையில் நடப்பதைத் திரும்பி வரும் வழியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டால் போதுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். 14-ஐ 6 ஆக்க முடியும்: அளம், வீடு, டீக்கடை, பள்ளிக்கூடம், ஒரு தெரு, பஸ் ஸ்டாப். வீடு அளத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும். அது ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

அளத்து வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் 11 லட்சத்தில் பெரும்பகுதி அங்கேதான் மிச்சமாகும். உப்பு தரையே ஒரு பெரிய ரிஃப்ளெக்டர். வெயில் மேலிருந்து விழுந்து கீழிருந்து முகத்தில் திரும்பி அடிக்கும். தெர்மோகோல், ஸ்கிம்மர் (வெயிலை மிருதுவாக்கும் துணிச் சட்டம்), பெரிய லைட் எதுவும் வெளிப்புறத்தில் வேண்டாம். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 11 மணிக்கு மேல் நடிகர்களால் கண்ணைத் திறக்க முடியாது. கண் சுருங்கியிருந்தால் நடிப்பு தெரியாது. கேமராவிலும் வெள்ளை வெளிறிப்போய்விடும். அப்படி ஒருமுறை போன விவரத்தை டி.ஐ.யில், அதாவது எடிட்டிங்குக்குப் பின் நிறம் சீர்செய்யும் கட்டத்தில், திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆகவே வெளிப்புறம் காலை 5.45 முதல் 9.30 வரை, பிறகு மாலை 3.45 முதல் வெளிச்சம் போகும் வரை. நடுவே சாப்பாடு, ஓய்வு, நடந்து போகும் தூரத்திலுள்ள அந்த வீட்டில் இன்டோர். இரவுக் காட்சிகளைக்கூட அந்த நேரத்திலேயே ஜன்னலையும் கூரை இடுக்கையும் கறுப்புத் துணியால் அடைத்து எடுத்துவிடலாம். இரவுப் படப்பிடிப்பு இல்லையென்றால் இரட்டை பேட்டாவும் (நாள்படி) இல்லை, ஜெனரேட்டரும் இல்லை. 300 வாட் எல்.இ.டி. லைட் இரண்டு மூன்றை வீட்டு மின்சாரமே தாங்கும். 5 ஆம்பியர் பிளக் ஒன்றில் 1,100 வாட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள், முதல் நாளே எலக்ட்ரீஷியனை விட்டு வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒளிப்பதிவாளரிடம் ஷட்டர் ஆங்கிள் (ஒவ்வொரு ஃபிரேமிலும் எவ்வளவு நேரம் ஒளி விழுகிறது என்பதன் அளவு) 172.8 டிகிரியில் இருக்கட்டும் என்று நினைவூட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 24 ஃபிரேமில் 180 டிகிரி வைத்தால் டியூப்லைட்டும் மலிவு எல்.இ.டி. பல்பும் படத்தில் படபடக்கும்.

கேமராவுக்கு வருவோம். ஒளிப்பதிவாளர் அலெக்ஸா மினி கேமராவும் அனமார்ஃபிக் லென்ஸும் (அகலத் திரைக்கானது) கேட்டிருந்தால் அவர் ஆசையில் தவறில்லை. வெள்ளைத் தரையில் உச்ச வெளிச்சத்தைத் தாங்குவதில் அந்தக் கேமராவின் சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) உண்மையிலேயே நல்லது. ஆனால் மேலே சொன்ன நேரத்தில் எடுத்தால் சோனி எஃப்.எக்ஸ்.6 தரத்துக் கேமராவே போதும். அனமார்ஃபிக்கை விட்டு நல்ல மூன்று பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) எடுங்கள், 25, 35, 50 எம்.எம். போல. விட்டுவிடக்கூடாதது என்.டி. ஃபில்டர், அதாவது நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கண்ணாடி. ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 800, ஷட்டர் 1/50 விநாடி என்றால் நல்ல வெயிலில் லென்ஸின் துளையை எஃப் 64 வரை சுருக்கக் கேட்கும். எஃப் 4-ல் எடுக்க வேண்டுமானால் 8 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைக்க வேண்டும், உப்பின்மேல் இன்னும் ஒன்று கூட. எஃப்.எக்ஸ்.6-க்குள் இருக்கும் என்.டி. 7 ஸ்டாப் வரைதான். மீதிக்கு வெளியே ஒரு ஃபில்டர் போடும்போது ஐ.ஆர். கட் (அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பது) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் கறுப்புச் சேலை பழுப்புச் சிவப்பாகத் தெரியும், ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறும்.

உப்பு இரும்பைத் தின்னும். டிரைபாட் காலை நேராகப் பாத்தியில் ஊன்றாதீர்கள், கீழே பலகை போடுங்கள். கருவியும் பிழைக்கும், வரப்பும் உடையாது. அந்த வரப்பு இன்னொருவரின் பிழைப்பு. சாயங்காலம் பேக் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒருமுறை. லென்ஸை வெளியில் மாற்றவே வேண்டாம். வாடகைக்கு எடுத்த பொருளில் துரு ஏறினால் அந்தத் தொகை உங்கள் டெபாசிட்டிலிருந்துதான் போகும்.

இந்த வழியில் 11 லட்சம் 6 ஆகும். கொட்டேஷனில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். 6 லட்சத்துக்கு அது 1,08,000.

டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் படத்தின் உயிர் அந்த ஊர்ப் பேச்சு. ‘என்னளா’ என்று ஒரு தாய் மகளை அதட்டுவதில் உள்ள நீட்டலை மூன்று மாதம் கழித்து ஏ.சி. அறையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எவராலும் திரும்பச் சொல்ல முடியாது. தொழில்முறை நடிகரே தடுமாறுவார், உள்ளூர்க்காரர்கள் உதட்டசைவைப் பார்த்ததும் உறைந்துவிடுவார்கள். கடைசியில் சென்னைக் குரல் ஒன்று உப்பளப் பெண்ணின் வாயில் ஒட்டிக்கொள்ளும். லைவ் சவுண்டுக்கு 2 லட்சம் ஒதுக்குங்கள். ஒரு ஒலிப்பதிவாளர், ஒரு பூம் ஆள் (நீண்ட கம்பில் மைக் பிடிப்பவர்), உடையில் பொருத்தும் லேப்பல் மைக் இரண்டு மூன்று, காற்றுக்கான ரோமக் கவசம். அளத்தில் வண்டிச் சத்தம் இல்லை, காற்றும் உப்புநீர் இறைக்கும் மோட்டாரும்தான். மோட்டாரை எந்த நேரத்தில் நிறுத்த முடியும் என்று அளத்துக்காரரிடம் முன்பே பேசி, நிற்கும் நேரத்துக்கு ஈடு கொடுத்துவிடுங்கள்.

பூம் நடிகரின் தலைக்கு மேல் ஒன்றரை, இரண்டு அடிக்குள் இருக்க வேண்டும். அதனால் ஒரே நேரத்தில் வைடும் குளோசும் என்று இரண்டு கேமரா வைக்காதீர்கள். வைடில் பூம் வந்துவிடும் என்று மைக் மேலே போகும், குளோசின் ஒலியும் கெடும். லேப்பல் மைக்கைக் கஞ்சி போட்ட சேலைக்குள் வைத்தால் மூச்சுக்கு மூச்சு சரசரக்கும். சேலையை இரண்டு முறை துவைத்து மெத்தென்று ஆக்கிவிட்டு, ரவிக்கை விளிம்பில் மெடிக்கல் டேப்பால் ஒட்டலாம். கண்ணாடி வளையலும் சத்தம் போடும், காஸ்ட்யூம் முடிவாகும்போதே யோசியுங்கள். ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் அசையாமல் நின்று ஒரு நிமிடம் வெறும் சூழல் ஒலியைப் பதிவு செய்யாமல் கிளம்பக்கூடாது. எடிட்டர் இரண்டு டேக்கை ஒட்டும்போது நடுவில் நிரப்ப அதுதான் வேண்டும்.

மழை ஃப்ளாஷ்பேக்கைத் திறந்தவெளியில் எடுப்பதென்றால் டேங்கர் லாரி, மழைக் குழாய், பெரிய பின்வெளிச்சம், நடிகருக்கு மூன்று செட் உடை, ஒரு முழு இரவு. பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்காவிட்டால் மழை கேமராவுக்குத் தெரியாது, தண்ணீரெல்லாம் வீண். அதை விட்டுவிட்டு இப்படி யோசியுங்கள். வீட்டுக்குள் அம்மா படுத்திருக்கிறாள். தகரக் கூரையில் முதலில் நாலு சொட்டு. பிறகு பத்து. அவள் எழுந்து உட்காருகிறாள். சத்தம் கூடுகிறது. ஓட்டையிலிருந்து ஒழுகுவதற்குச் சட்டி வைக்கக்கூட அவள் எழவில்லை. வெளியே உப்பு அம்பாரம் (குவியல்) கரைகிறது என்பது அவள் முகத்தில் தெரிந்தால் போதும். இதற்கு வேண்டியது வாசல் கூரை விளிம்பில் ஓட்டை போட்ட பி.வி.சி. குழாய், 1,000 லிட்டர் தொட்டி, வெளியே ஒரே ஒரு லைட். கூரைச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், டேக்கில் அது வசனத்தை மூழ்கடிக்கும். காசு குறைவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மழையைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் இருப்பதுதான் அவள் அனுபவம்.

ட்ரோனை நான் வெட்டிவிடுவேன். வாகைக்குளம் விமான நிலையமும் துறைமுகமும் இருக்கும் ஊர், 2021 ட்ரோன் விதிகளின்படி எந்த மண்டலத்தில் வருகிறீர்கள் என்று பார்த்து, தேவைப்பட்டால் அனுமதி வாங்கி, சான்றிதழ் பெற்ற பைலட்டை வைத்துத்தான் பறக்கவிட முடியும். அம்பாரத்தின் பக்கத்தில் நிற்கும் லாரியின் மேல் ஏறி எடுத்தாலே பாத்திகளின் கட்டம் தெரியும்.

சினிமாப் பாட்டை முணுமுணுத்தாலும் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை வாங்க வேண்டும். டீக்கடை ரேடியோவில் ஓடும் பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமையும் சேர்ந்துகொள்ளும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. 1921-ல் மறைந்த பாரதியின் வரிகளை நீங்கள் புதிதாக மெட்டமைத்துப் பயன்படுத்தலாம், வேறொருவர் பாடிய பதிவை அனுமதியில்லாமல் பயன்படுத்த முடியாது. இந்தப் படத்துக்கு அந்த ஊர்ப் பெண்கள் பாடும் தாலாட்டே பொருத்தம். பாடித் தருபவருக்குப் பணமும் டைட்டிலில் பெயரும் கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

4 லட்சம் கேட்கும் நடிகரைப் பற்றி: அவர் பெயருக்காக ஓ.டி.டி.யோ விநியோகஸ்தரோ கூடுதலாக ஒரு தொகை தருவதாக எழுத்தில் சொல்கிறார்களா? இல்லையென்றால் வேண்டாம். நெல்லை, மதுரைப் பக்க நவீன நாடகக் குழுக்களில் நல்ல நடிகர்கள் இருக்கிறார்கள், வட்டாரப் பேச்சும் வரும். மிச்சமாவதில் ஒரு பகுதியை 7 நாள் ஒத்திகைக்குச் செலவிடுங்கள். கேமராவும் யூனிட்டும் இல்லாத அந்த ஏழு நாள் ஒரு படப்பிடிப்பு நாளின் செலவைத் தொடாது.

யூனிட்டை 22 பேராக்குங்கள், ஆனால் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். காலை 5 மணிக்கு டீ, 7.30-க்கு டிபன் அளத்துக்கே வர வேண்டும், மோரும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் எப்போதும் இருக்க வேண்டும். டிபன் 40 நிமிடம் தாமதமானால் உங்கள் நல்ல வெளிச்சத்தில் 40 நிமிடம் போகிறது. பின்னணியில் வேலை செய்யும் அளத்துத் தொழிலாளர்களுக்கு அன்றைய கூலியைவிடக் குறையாமல் அன்றன்றே கையில் கொடுத்துவிடுங்கள்.

என் கணக்கில் முதலில் எடுத்துத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டியவை மூன்று. போஸ்ட் புரொடக்‌ஷனுக்கு 9 லட்சம், எதிர்பாராத செலவுக்கு 4, சென்சார் (தணிக்கை), திரைப்பட விழா, உரிமைப் பத்திரங்களுக்கு ஒன்றரை. மீதி 25.5 லட்சத்தில் கேமரா-லைட் 6, ஒலி 2, நடிகர்கள் 2.5, பயணம்-சாப்பாடு 6, சம்பளம் 6.5, ஆர்ட்-காஸ்ட்யூம் 1.5, லொகேஷனும் ஈட்டுத்தொகையும் 1. போஸ்ட்டுக்கு நீங்கள் ஒதுக்கிய 3 லட்சம் எடிட்டிங், ஒலி வடிவமைப்பு, 5.1 மிக்ஸிங், பின்னணி இசை, டி.ஐ., சப்டைட்டில், டி.சி.பி. (தியேட்டருக்கான டிஜிட்டல் பிரதி) என்ற வரிசையில் பாதியைக்கூடத் தாண்டாது. எடுத்து முடித்த சிறு படங்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடப்பதற்கு இதுவே பெரிய காரணம். 4 லட்சத்தை ஷூட்டிங்கில் தொடாமல் காப்பாற்றினால் விடுபட்ட ஷாட்களை எடுக்கும் ஒரு நாள் பேட்ச் ஒர்க்குக்கும் அதிலேயே வழி கிடைக்கும்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். எஃப்.எக்ஸ்.6-ன் 240 மெகாபிட் 4கே பதிவு மணிக்கு 108 ஜி.பி. 90 நிமிடப் படத்துக்குப் பத்து மடங்கு எடுத்தால் 15 மணி நேரம், அதாவது 1.6 டி.பி. அதையே புரோரெஸ் 422 ஹெச்.க்யூ. என்ற, குறைவாகச் சுருக்கும் பதிவு முறையில் எடுத்தால் மணிக்கு 318 ஜி.பி., மொத்தம் கிட்டத்தட்ட 4.8 டி.பி. எப்படியானாலும் இரண்டு டிஸ்க்கில் நகல், செக்சம் (நகல் பிழையில்லாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரிபார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். இரண்டு டிஸ்க்கும் ஒரே பையில், ஒரே வண்டியில் போகக்கூடாது.

சின்ன விஷயங்கள் இரண்டு. ஆட்டுக்குட்டியோ மாடோ நடிக்கிறதென்றால் விலங்கு நல வாரியத்திடம் படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும், சென்சாரில் அந்தக் கடிதத்தைக் கேட்பார்கள். பீடி பிடிக்கும் காட்சி ஒன்று இருந்தாலும் தியேட்டர் பிரதியின் தொடக்கத்திலும் நடுவிலும் 30 விநாடி எச்சரிக்கைப் படம் சேர்க்க வேண்டும், திரையில் வாசகமும் வரும். அந்தப் பீடி கதைக்குத் தேவையா என்று எழுதும்போதே முடிவு செய்யுங்கள்.

கேமரா வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாள் டெஸ்ட் எடுங்கள். கேமரா, ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், அம்மாவாக நடிப்பவர், நீங்கள், ஐந்தே பேர் போதும். காலை 6 மணி, 9 மணி, மதியம் 1 மணி, மாலை 5 மணி என்று நாலு நேரத்திலும் ஒரே இடத்தில் ஒரே வசனம். அதை டி.ஐ. ஸ்டுடியோவின் பெரிய திரையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 9 மணி ஷாட்டில் உப்பின் மணல்மணலான வடிவம் தெரிந்து, வசனம் காற்றுக்குமேல் தெளிவாகக் கேட்டால் அந்தக் கேமராவுக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள்.